எஞ்சினும் பாயும்

வெள்ளவத்தையில் ஏறி முகத்துவாரத்துக்கு டிக்கெட் எடுத்த தம்பதி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். அங்கிருக்கும் தன் தாய்க்குக் காட்டவென்று, தானே செய்த பழங்காலப் போர்க்கப்பல் மாதிரி ஒன்றைக் கணவர் மடியில் வைத்திருந்தார். மரக்கப்பல், நடுவில் புகைபோக்கி, மேலே பாய்கள்.

மனைவி கேட்டார்: "நீராவி எஞ்சின் இருக்கெல்லே, பிறகேன் பாய்?"

"அப்ப எஞ்சினை முழுசா நம்பேல்லை. பழுதானா பாயை விரிக்கலாம்."

"ஓ! கலியாணம் கட்டி ஆறு வருசமாகியும் உங்கட உடுப்பில பாதி மாமி வீட்டு அலுமாரியில இருக்கிற மாதிரி."

"அது சும்மா கிடக்குது."

"ஓம், இந்த எஞ்சின் இன்னும் பழுதாகேல்லை."

கொட்டாஞ்சேனை தாண்டும்போது அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"அதுகளை எடுத்துவரப் பெரிய பேக் ஒண்டு கொண்டந்திருக்கலாம், என்ன?"

"ரெண்டு கொண்டந்திருக்கிறன்."