நான்காவது தட்டு

ஐயா, கிராமபோன் ஊசியைத் தட்டுக்குத் தட்டு மாற்றவேண்டும். காரைக்காலில் யாரும் மாற்றுவதில்லை. நோன்பில் போட்ட ஊசியைப் பெருநாள்வரை ஓட்டிவிட்டு, பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்பார்கள். மைக்செட் வாடகைக்கு விடும் இந்தத் தாவூது அப்படிச் செய்யமாட்டான் என்பது ஊரறிந்த விஷயம். தாவூது நபியின் குரலைப் பறவைகள் நின்று கேட்டனவாம். வாப்பா எனக்கு அந்தப் பேரைத்தான் வைத்தார். குரல் வரவில்லை, காது வந்தது.

நான் வந்தது மன்சூர் அலி விஷயமாக. நீங்கள் கூப்பிடவில்லை, தெரியும். நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

மன்சூர் நம்மூர்த் தலத்தெருக்காரன், சைகோனில் ஜவுளிக்கடையில் இருந்தவன். பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து கப்பலேறிய அதே வருஷம் அவன் அங்கிருந்து கப்பலேறி வந்தான். தோளில் ஒரு கிதார், கூடவே அக்கார்டியன் வாசிக்கும் கைலாசநாதன், கையில் ஓர் இசைத்தட்டு ஆல்பம். கெட்டி அட்டைக்குள் நான்கு உறைகள், நான்கு தட்டுகள். எல்லாமே அடுத்தவர்கள் பாடிப் பேர்வாங்கிய பாட்டுகள். பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. அவற்றை அவன் குரலில் பதிந்த சைகோன் கம்பெனி, விற்பனைக்கு விடுமுன்பே மூடிவிட்டது. உலகத்தில் இருந்தது அந்த ஒரு செட்தான். கல்யாண வீடுகளில் போடுங்கள் என்று என்னிடம் கொடுத்தான்.

முதல் மூன்று தட்டுகளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அவன் பிரெஞ்சில் பாடினாலும் உள்ளேயிருந்து தலத்தெருக்காரன் எட்டிப் பார்ப்பான். நான்காவது வேறு. கடல்காற்றில் லேபிள் உரிந்துபோன தட்டு, முழுக்கப் பிரெஞ்சு. தன்னை விட்டுப் போகிறவளை ஒருவன் வாசலில் நின்று வழியனுப்புகிற பாட்டு என்று மன்சூர் சொன்னான். எனக்கு அந்த பாஷையில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். ஆனாலும் முதல்முறை கேட்டபோது கடையை அடைத்துக்கொண்டு அழுதேன். காரைக்கால் வாசனையே இல்லாத குரல். நம்மூர்ப் பையன் இவ்வளவு உயரத்துக்குப் போயிருக்கிறானே என்று பெருமை தாங்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், மன்சூர் உயிரோடு இருந்தான். மேடையிலும் பாடினான்.

அந்தப் பாட்டை இடத்துக்கு ஒரு மாதிரி பாடுவான். நடுவில் தமிழில் ஒரு வரியைச் செருகுவான். நாகூர் தர்காவில் கேட்கிற மாதிரி ஓர் இழுப்பைக் கடைசியில் வைப்பான். கோட்டுச்சேரியில் ஜனங்கள் எழுந்து நின்று மறுபடி பாடச் சொன்னார்கள். எனக்கு உடம்பு கூசியது. தட்டில் அப்படியொரு காரியம் செய்தவன் அதைத் தன் வாயாலேயே கெடுப்பானா?

கடைக்குக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, தட்டைப் போட்டுக் காட்டினேன். இதே மாதிரி பாடு, மயிரிழை மாறக்கூடாது என்றேன். அவன் சிரித்தான்.

"தாவூது நானா, அது நான் பாடுனதே இல்ல. நான் பாடுறது இப்படித்தான்."

பெரிய கலைஞர்கள் இப்படித்தான் பேசுவார்கள். தங்களுடைய உச்சத்தையே தங்களுடையது இல்லை என்பார்கள். அவன் அடக்கத்தை மனதுக்குள் மெச்சினேன். ஆனால் டீயைக் குடித்து முடித்ததும் இன்னொன்றும் சொன்னான். திருமலைராயன்பட்டினத்துக் கல்யாணக் கச்சேரி முடிந்ததும் மெட்ராஸுக்குப் போய் அந்தப் பாட்டைத் தன் இஷ்டப்படி புதிதாகப் பதியப் போகிறானாம். புதுத் தட்டு வந்துவிட்டால் ஊர் அதைத்தான் மன்சூர் என்று நினைக்கும். என்னிடம் இருப்பதை யார் கேட்பார்கள்? இரண்டு மன்சூரில் ஒருவனைத்தான் காப்பாற்ற முடியும் என்று புரிந்தது. நல்லவனைக் காப்பாற்றினேன்.

திருமலைராயன்பட்டினத்தில் மரைக்காயர் வீட்டுக் கல்யாணம். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் கச்சேரி. புழுதி அடங்கட்டும் என்று பந்தல் மணலில் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக. மன்சூர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாடுவான், இரும்பு மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். அந்த இரும்பில் மின்சாரத்தை விட்டது நான்தான். விபத்து என்று நீங்கள் எழுதியிருப்பதை அடித்துவிடலாம். அந்தப் பாட்டை அவன் எடுக்குமுன்பே சுவிட்சைப் போட்டேன். இன்னொரு தடவை அதைக் கெடுக்க விடவில்லை. அவன் விழுந்ததும் ஜனங்கள் பதறினார்கள். பதற்றம் அடங்கட்டும் என்று நான்காவது தட்டைப் போட்டேன். புது ஊசியில்.

நீங்கள் கேஸை மூடிய பிறகு நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். போன வாரம் இந்தக் கைலாசநாதன் ஆல்பத்தைத் திருப்பிக் கேட்டு வந்தான். மன்சூரின் நான்காவது தட்டு கப்பலிலேயே உடைந்துவிட்டதாம். பாட்டைப் பழகுவதற்காக வாங்கி வைத்திருந்த அசல் தட்டை மன்சூர் அந்தக் காலி உறையில் செருகி வைத்தானாம். அதில் பாடுவது யாரோ ஒரு பிரெஞ்சுக்காரனாம். பாவம், கைலாசநாதனுக்கு விரல் உண்டு, காது கிடையாது. இதை இப்போது கடைத்தெருவெல்லாம் சொல்லித் திரிகிறான். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மன்சூருக்காகப் பேச என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

கோர்ட்டில் அந்தத் தட்டைப் போடச் சொல்லுங்கள், ஊசி நான் தருகிறேன். அது மன்சூரின் குரல்தான் ஐயா. இல்லையென்றால் நான் செய்தது கொலை என்றல்லவா ஆகிவிடும்.