பின்னிறக்கையின் அடிப்பகுதி

இன்ஸ்பெக்டர் மேடம், உங்கள் அறிக்கையில் ஒரு சின்னத் திருத்தம் சொல்லத்தான் நாசரேத்திலிருந்து பஸ் ஏறி வந்தேன். தேவபிரசாதத்தின் சட்டைப்பையில் கிடைத்த டப்பாவில் ‘வண்ணத்துப்பூச்சி ஒன்று’ இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது அந்துப்பூச்சி. அவன் மனைவி கிருபை நகலைக் கொண்டுவந்து காட்டியதிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

என் பெயர் பொன்னுதுரை. முப்பத்தோரு வருடம் விலங்கியல் ஆசிரியர். பிரசாதம் இங்கே தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் மேற்பார்வையாளன். பதினோரு வருடமாக, மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, உப்பளத்து மோட்டார் அறைச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, விளக்கைப் போட்டு, வந்து உட்காரும் பூச்சிகளை இருவரும் இனம் பிரிப்போம். நல்ல மனிதன். எனக்கும் சேர்த்தே பிளாஸ்க்கில் சுக்குக்காபி கொண்டுவருவான்.

அன்றைக்கு ஒரு பெரிய பூச்சி வந்தது. முதுகில் மண்டையோடு வரைந்தது மாதிரி இருக்கும். நம் பக்கம் அதில் இரண்டு இனம் உண்டு. பின்னிறக்கையின் அடிப்பகுதி மஞ்சளாக இருந்தால் ஸ்டிக்ஸ், கறுப்பாக இருந்தால் லாக்கெசிஸ். நான் ஸ்டிக்ஸ் என்றேன். அவன் டார்ச் அடித்துப் பார்த்தான்.

“இல்ல அண்ணாச்சி, இது லாக்கெசிஸ்லா.”

அதோடு விட்டிருக்கலாம். பூச்சியை டப்பாவில் போடுமுன் படமெடுத்து, லாக்கெசிஸ் என்று எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டான். பெங்களூர்க்காரர் ஒருவர் உடனே கட்டைவிரலை உயர்த்தினார். அந்தக் குழுவில் என் பழைய மாணவர்கள் நாற்பது பேர் இருக்கிறார்கள்.

உப்புநீர்த் தொட்டியின் உள்சுவரில் இன்னொன்று உட்கார்ந்திருக்கிறது என்றேன். ஆசையாகக் குனிந்தான். தள்ளினேன்.

அடர்ந்த உப்புநீரில் ஆள் சுலபமாக மூழ்குவதில்லை. அதனால் உப்பு வாரும் நீளக் கம்பை எடுக்க வேண்டியிருந்தது.

“கையக் குடுங்க அண்ணாச்சி” என்றான்.

“என்ன இனம்லே?”

“லாக்கெசிஸ்தான்.”

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. கம்பை மறுபடி அழுத்தினேன். அடுத்த தடவை மேலே வந்தபோது, “நீங்க சொல்லுதது சரி, ஸ்டிக்ஸ்தான்” என்றான். பயத்தில் சொல்லும் அடையாளத்தை நாங்கள் குறிப்பேட்டில் ஏற்றுவதில்லை, மேடம். அவனுக்கும் அது தெரியும். ஆகவே தொடர்ந்தேன்.

கால் தவறி விழுந்தான் என்று நீங்கள் எழுதினீர்கள். அதில் நான் தலையிடவில்லை. அடக்கத்தில் அவனைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினேன். கண்ணீர் உண்மையாகவே வந்தது. ஆனால் ஒரு பூச்சியைத் தவறான பெயரில் அரசாங்கக் காகிதத்தில் விட்டுவைக்க என்னால் முடியாது.

டப்பாவை எடுத்துக் காட்டியதற்கு நன்றி. ஆமாம், அடிப்பகுதி கறுப்பாகத்தான் இருக்கிறது. உப்புநீரில் ஊறினால் மஞ்சள் கறுத்துப்போகும். ஸ்டிக்ஸ் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

டப்பாவுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகவில்லை என்கிறீர்கள்.

உப்புக்காற்று போயிருக்கும், மேடம்.