ஆறு மணிக்கே வரும் தண்ணீர்

— புகார்னு சொன்னீங்க. தண்ணி வரலையாக்கா?

— வருது சார்.

— கலங்கலா வருதா?

— கண்ணாடி மாதிரி வருது.

— அப்ப கம்மியா...

— ரெண்டு நிமிஷத்துல குடம் ரொம்பிடுது. அதெல்லாம் ஒரு குறையும் இல்ல.

— பின்ன என்னதான் புகார்?

— சரியான நேரத்துக்கு வருது சார்.

— ...என்னது?

— ஆறு மணின்னா ஆறு மணிக்கே வந்துடுது. நாலு நாளா இப்படித்தான். முன்ன மாதிரி ஆறரைக்கு விடச் சொல்லுங்க.

— இருங்க, இருங்க. தண்ணி நேரத்துக்கு வருதுன்னு நகராட்சியில புகார் குடுக்க வந்திருக்கீங்க?

— ஆமா. எழுதிக்குங்க.

— எதுலன்னு எழுதுறது? 'வரவில்லை', 'தாமதம்', 'குழாய் உடைப்பு'... இந்த நோட்டுல மூணு கட்டம்தான் இருக்கு.

— நாலாவதா ஒண்ணு கோடு போட்டுக்குங்க.

— என் வேலைக்கு உலை வெக்காதீங்க! எந்தத் தெரு நீங்க?

— பழைய தபாலாபீசுக்குப் பின்னாடி. வால்வு குழி என் வீட்டுக்கு நேர் எதிர்க்க இருக்கு.

— அந்தத் தெருவா... இதோ பாருங்க, உங்க தெருக்காரங்க குடுத்தது. பதினோரு புகார். அத்தனையும் தாமதம்தான். தண்ணி தொறந்து விடுறவரு குழி ஓரமா சும்மா உக்காந்திருக்காருன்னு ஒருத்தர் போட்டோவே எடுத்து ஒட்டியிருக்காரு.

— எங்க, காட்டுங்க... முதுகுதான் தெரியுது.

— முகம் தெரியணுமா உங்களுக்கு?

— நான் எதுக்கு அதெல்லாம்... சும்மா சொன்னேன். சட்டை கசங்கிக் கெடக்கு. தோச்சிப் போட ஆளில்ல போல.

— தெரிஞ்சவரா?

— தண்ணி விடுறவரைத் தெரியாதா சார்? ஊருக்கே தெரியும்.

— சரி, இப்ப வர்ற புது ஆளு மேல ஏதாவது குறையா?

— அவன் வர்றான், திருகுறான், சைக்கிள எடுத்துட்டுப் போறான். தங்கமான புள்ள. ஆனா... அவனே வர வேணாம்.

— தலைய சுத்துதுக்கா. நல்லா வேலை செய்யறவன் வேணாம். லேட் பண்ற ஆளு வேணும்.

— அவன் ஒண்ணும் லேட் பண்ணல! ஆறு மணிக்கு டாண்ணு வந்துடுவான்...

— யாரு, புதுப் பையனா?

— இல்ல, அவன்... அந்த அவரு.

— அவனா, அவரா?

— ஏதோ ஒண்ணு. ஆறுக்கு வந்து உக்காந்துக்குவாரு. எதிர் வீட்டுக் கதவு தொறந்த பொறவுதான் வால்வைத் திருகுவாரு.

— எதிர் வீடுன்னா உங்க வீடு.

— ...ஆமா.

— நீங்க ஆறரைக்குத்தான் எந்திரிப்பீங்களா?

— அஞ்சுக்கே எந்திரிச்சிடுவேன்.

— அப்புறம் ஏன் அரைமணி நேரம் தொறக்கல? தெருவே குடத்தோட காஞ்சு நின்னிருக்கு!

— தொறந்தா திருகிட்டுப் போயிடுவான் சார். ஜன்னல் இடுக்குல பாத்துட்டே நிப்பேன்... அந்தப் பதினோரு புகாரையும் என் பேருல எழுதிக்குங்க. அவன் மேல தப்பில்ல.

— கூப்பிட்டுப் பேசியிருக்கலாமே.

— எப்படிக் கூப்பிடறது? அப்பா வீட்டைப் பங்கு பிரிக்கறப்ப, "இனி என் வாசப்படி மிதிக்காதே"ன்னு வாயை விட்டேன். ஆறு வருஷம். ரோஷக்காரன், மிதிக்கவே இல்ல. வால்வு தெருவுலதானே இருக்கு... அங்க வந்து உக்காந்தான்.

— சரிக்கா. தண்ணி நேரத்தை மாத்தணும், அவ்வளவுதானே?

— அவ்வளவுதான்.

— வேற எதுவும் கேக்க வேண்டியதில்ல?

— ...இல்ல.

— நல்லா யோசிங்க. கவுண்டர மூடிட்டு நான் சாப்பிடப் போகணும்.

— என்ன சார், விரட்டுறீங்க?

— விரட்டல. கேளுங்கன்னு சொல்றேன்.

— என்னத்தக் கேக்க?

— அதை நான் சொல்லக் கூடாது. நீங்கதான் கேக்கணும்.

— ஒண்ணும் வெளங்கல எனக்கு... சார், உங்க கண்ணு ஏன் கலங்குது... சார், என் தம்பி எங்க? ஏன் நாலு நாளா வரல? அவனுக்கு என்ன ஆச்சு?

— அப்பாடா... கேட்டுட்டீங்க. "எனக்கு ஒரு அக்கா இருக்கா. தண்ணியக் கேட்டு வந்தா ஒண்ணும் சொல்லாதீங்க, என்னையக் கேட்டு வந்தா மட்டும் சொல்லுங்க"ன்னு என் கையப் புடிச்சு சத்தியம் வாங்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு, நீங்க வந்து நின்னப்பவே எனக்குத் தெரியும்க்கா, அதே ஜாடை. நாளைக்குக் காலையில நெஞ்சுல ஆபரேஷன், ஆஸ்பத்திரி பாரத்துல சொந்தக்காரங்க கையெழுத்துப் போடற எடம் இன்னும் காலியாத்தான் கெடக்கு... செருப்ப மாட்டுங்க, வண்டிய எடுக்கறேன்.