எதிர் வீட்டு நாயின் ஜாதி

நாயைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். என்ன ஜாதி? மீதி இரண்டு பேர் கேட்க மாட்டார்கள், அவர்களே சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வார்கள். நாய் வளர்க்கிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம், சிரித்துவிட்டு நடந்துவிடுவார்கள். நானும் நான்கு வருடம் சிரித்துவிட்டுத்தான் நடந்தேன். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

தொழிலைக் கேட்டீர்கள். முப்பத்தொரு வருடம் மரக்கிடங்கில் தரம் பிரிக்கிற வேலை. லாரியிலிருந்து இறங்கும் கட்டைகளைப் பார்த்து, இது இன்ன மரம், இது இரண்டாம் தரம், இது உள்ளே உளுத்தது என்று சுண்ணாம்புக் கட்டியால் குறி போட வேண்டும். நான் குறி போட்டால் போட்டதுதான், முதலாளிகூட மறுபேச்சுப் பேச மாட்டார். ஒன்றை அதன் சரியான பெயரால் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. என் மனைவி அதை வியாதி என்பாள்.

ஓய்வு பெற்றதும் நாய் வாங்கினேன். பசெஞ்சி இனம். சின்ன உருவம், செம்பழுப்பு நிறம், விறைத்த காது, சுருண்ட வால். குரைக்காத நாய், அந்த இனமே அப்படி. ஏழு தலைமுறைக்குப் பேப்பர் இருக்கிறது. சக்கரவர்த்தி என்று பெயர் வைத்தேன். முதல் நாள் பூங்காவுக்குக் கூட்டிப் போனபோது நடைக்கு வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்தார். என் தோளைத் தட்டினார்.

“தெரு நாய எடுத்து வளக்கறீங்களா? பெரிய மனசு சார் உங்களுக்கு.”

என் மனசு எவ்வளவு பெரியது என்று அந்தப் பூங்காவில் பாதிப் பேராவது சொல்லியிருப்பார்கள். ஒரு கட்டத்தில் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே போனேன். காட்டினால் பேப்பரைப் பார்ப்பார்கள், நாயைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். “யாரோ உங்க தலைல நல்லா கட்டிட்டாங்க சார்” என்று ஒருவர் வருத்தப்பட்டார். அதற்கப்புறம் பேப்பரை எடுத்துப் போவதில்லை.

எங்கள் மாடியில் இரண்டே வீடுகள். எங்கள் கதவுக்கு நேர் எதிர்க் கதவு தையல்காரம்மாவுடையது. நாற்பது வயதிருக்கும், தனி ஆள். பத்து வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. பேச்சு இருந்தது. நாம் பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துப் பிழைத்தார். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். மீந்த துணியில் சக்கரவர்த்திக்கு ஒரு மழைச் சட்டை தைத்துக் கொடுத்தார். அளவு அவ்வளவு கச்சிதம்.

அவரிடம் ஒரு நாய் இருந்தது. பாபின் என்று பெயர். தையல் மிஷினில் நூல் சுற்றி வைக்கும் சின்னச் சக்கரம் இருக்கிறதே, அந்தப் பெயர். கால்வாய் ஓரத்தில் குட்டியாகக் கிடந்ததை அவர் எடுத்து வந்த அன்று நான் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். தாய் நாயையும் எனக்குத் தெரியும். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் திரிந்த, ஒரு காது கிழிந்த நாய். அதன் குட்டி வளர்ந்து இடுப்பு உயரம் வந்தது. சாம்பல் நிறத்தில் புலிக்கோடுகள், அகன்ற நெஞ்சு, தேன் நிறக் கண். நூறு கட்டையில் ஒரு கட்டைக்கு அப்படி ரேகை ஓடும். அதற்குக் காரணமும் கிடையாது, தகுதியும் கிடையாது.

யாராவது கதவைத் தட்டினால் பாபின் போய் அந்த அம்மாவின் முழங்காலை மூக்கால் முட்டுவான். பால் பொங்கினால் சட்டைக் கையைப் பிடித்து இழுப்பான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த அம்மாவுக்குக் காது அவன்தான் என்று என் மனைவி சொல்வாள். சரியாகத்தான் சொன்னாள்.

பூங்காவில் அவர்கள் நுழைந்தால் கூட்டம் சேரும். ஜெர்மன் நாயா, ஓநாய்க் கலப்பா, வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததா என்று ஆளுக்கு ஒரு ஜாதி சொல்வார்கள். தையல்காரம்மா உதடுகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். “தெரு நாய்தாங்க. கால்வாய் ஓரமா கெடந்துச்சு.” ஒருவர்கூட நம்ப மாட்டார்கள். “பாரு, எவ்ளோ அடக்கமா பேசுறாங்க” என்பார்கள். அவர் உண்மையைத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொய் சொல்லிப் பெருமை அடித்திருந்தால் நான் ஒதுங்கிப் போயிருப்பேன்.

ஒரு நாள் காலை நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பெண் குழந்தைகளோடு வந்த ஒரு அம்மா என்னிடம் குனிந்து, மரியாதையாகத்தான், சொன்னார்: “சார், உங்க தெரு நாயைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்களேன். அந்த ஜாதி நாய்க்குச் சொறி கிறி ஒட்டிடப் போவுது.”

தள்ளிக் கட்டினேன். வேலி ஓரத்தில், வெயிலில்.

அந்த மாதம்தான் நகரின் வேறொரு மூலையில் ஒரு பிட்புல் ஒரு குழந்தையைக் கடித்துக் குதறியது. நகராட்சி ஆணை போட்டது: அந்த இனமோ அதன் கலப்போ யார் வீட்டில் இருந்தாலும் பிடித்துப் போவார்கள், பரிசோதித்து உறுதியானால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். பூங்காவில் எல்லோரும் எல்லோருடைய நாயையும் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அந்தத் தையல்காரம்மா நாயி... அது பிட்புல்லா இருக்குமோ? நீங்க எதிர் வீடு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

நான் சக்கரவர்த்தியின் வாரைச் சரிசெய்தேன். “எதிர் வீட்டு விவகாரம். நமக்கெதுக்குங்க” என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? ஒரு வார்த்தை காட்டுங்கள். நான்கு நாளில் மனு போனது. பதினேழு கையெழுத்து. என் கையெழுத்து அதில் இல்லை, நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நகராட்சி ஆட்கள் இரண்டு பேர், நுனியில் சுருக்கு மாட்டிய கம்போடு வந்தார்கள். கம்புக்கு வேலையே இருக்கவில்லை. பாபின் அவர்கள் கையை மோந்து பார்த்துவிட்டுக் கூடவே படி இறங்கினான். தையல்காரம்மா வண்டி வரைக்கும் ஓடினார். வண்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசியதால் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே வந்து என் கதவைத்தான் தட்டினார்.

“அண்ணா, எனக்குப் பேசி ஜெயிக்க முடியாது. அவங்க சொல்றது பாதி புரியாது. நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லுங்க. மரத்தைப் பாத்தே வகை சொல்ற ஆளு நீங்க. நீங்க சொன்னா நம்புவாங்க.”

என் மனைவி உள்ளிருந்து, “போயிட்டு வாங்க, பாவம்” என்றாள். போனேன். எனக்குப் பிடிக்காத வேலையாக இருந்தாலும் பொறுப்பு என்று வந்தால் தட்டிக்கழிக்கிறவன் இல்லை.

நாய்க் கொட்டடியில் ஒரு இளம் டாக்டர் இருந்தார். பெண். நல்லவர்தான், தூக்கமில்லாத கண். “எனக்கென்னவோ சாதாரண நாட்டு நாய் மாதிரிதான் தெரியுது” என்றார். “ஆனா மனு வந்திருக்கு. குட்டியிலருந்து தெரிஞ்சவங்க யாராவது எழுதிக் கொடுத்தா இப்பவே விட்டுடலாம். நீங்க என்ன சொல்றீங்க?”

கம்பிக்கு அந்தப் பக்கம் பாபின் என்னைப் பார்த்ததும் எழுந்தான். வால் இரண்டு பக்கமும் கம்பியில் அடித்தது. நான் உள்ளே போய்த் தலையை இரண்டு கையாலும் அளந்து பார்த்தேன், தாடையை அமுக்கினேன், பல்லைப் பார்த்தேன். அவசரப்படவில்லை. கிடங்கிலும் நான் அவசரப்பட்டதில்லை.

“கலப்பு” என்றேன். “தாய் வழி. தாயை நான் பாத்திருக்கேன்.”

“நிச்சயமா சொல்றீங்களா?”

“எதிர் வீட்டு நாய், டாக்டர். இதுல பொய் சொல்லி எனக்கென்ன ஆகப் போவுது?”

எழுதிக் கொடுத்தேன். பெயர், முகவரி, கையெழுத்து. ஊசி போடும்போது தெரிந்த ஆள் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டால் நாய்க்குப் பயம் இருக்காது என்றார் டாக்டர். பிடித்துக்கொண்டேன். கடைசி வரைக்கும் என் கட்டைவிரலை நக்கிக்கொண்டிருந்தான். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. வலி இருந்ததாகத் தெரியவில்லை. அந்த வகையில் நான் போனது நல்லதுதான்.

கழுத்துப் பட்டையை வீட்டுக்கு எடுத்து வந்தேன். தையல்காரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். என் உதட்டையே பார்த்தார். புரிய வேண்டும் என்பதற்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: “எவ்வளவோ சொன்னேன்மா. கேக்கல.”

அவர் பட்டையை வாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்களாவது கூட இருந்தீங்களே அண்ணா” என்றார். பத்து நாள் கழித்து எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். அளவே எடுக்கவில்லை, பார்த்தே தைத்திருக்கிறார். இப்போது நான் போட்டிருப்பது அதுதான்.

பூங்காவில் எதுவும் மாறவில்லை. அந்தப் பெரியவர் சக்கரவர்த்தியைத் தடவிக்கொடுத்து, “நல்லவேளை, உங்களுது தெரு நாய். பயமில்ல” என்றார். நான் ஆமாம் என்றுகூடச் சொன்னேன். மனிதன் எவ்வளவுதான் திருத்துவான்?

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். தையல்காரம்மாதான் முடிக்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் கேட்டு, பதிலை எழுதிக் காட்டச் சொல்லி, பாபின் கலப்பு என்று யாரோ எழுதிக் கொடுத்த அந்தச் சான்றிதழின் நகலுக்கு நகராட்சியில் மனுப் போட்டிருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை மாடிப்படியில் என்னை நிறுத்தினார். மூக்கு சிவந்திருந்தது, காய்ச்சல்.

“நாளைக்குத் தபால்ல வந்துடுமாம் அண்ணா. எவன் கையெழுத்துப் போட்டான்னு ஒரு தடவை பாத்துட்டாப் போதும். சண்டையெல்லாம் போட மாட்டேன். ஏன்னு மட்டும் கேக்கணும்.”

“கேக்க வேண்டியதுதான்” என்றேன். “மாத்திரை போட்டு நல்லாத் தூங்குங்க முதல்ல.”

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குத் தபால்காரர் வந்தார். தையல்காரம்மாவின் கதவிடுக்கில் அவர் பழுப்பு உறையைச் செருகுவதை என் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துப் பார்த்தேன். உறை முழுவதும் உள்ளே போய்விட்டது, வெளியே நுனிகூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. குனிந்து பார்த்ததால் தெரியும்.

இரண்டரை மணிக்கு வாசனை வந்தது. துணி கருகுகிற வாசனை. இஸ்திரிப் பெட்டியைச் சீருடைக் குவியல் மேல் வைத்தபடி மறந்து, மாத்திரை மயக்கத்தில் உள்ளறையில் படுத்திருக்கிறார் என்று பிறகு நீங்கள்தான் சொன்னீர்கள். அப்போது எனக்கு அந்த அளவுக்கு விவரம் தெரியாது. கதவுக்குக் கீழே புகை மெலிதாக வந்தது. சக்கரவர்த்தி அந்தப் புகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். என் மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். எல்லா வீட்டுக்கும் மாற்றுச் சாவி கீழே காவலாளியிடம் இருக்கிறது. நாற்பத்திரண்டு படி. இறங்கி ஏற ஐந்து நிமிடம். எனக்கு முழங்கால் வலி, ஆறு நிமிடம் என்று வையுங்கள்.

நான் இறங்கவில்லை. வீட்டுக்குள் போய் ஜன்னலைச் சாத்தினேன், ஈரத் துணியைக் கதவடியில் வைத்தேன். தண்ணீர் குடித்தேன். மூன்றாம் மாடிக்காரர்கள் கத்திக்கொண்டு ஓடி வரும்போது மணி மூன்று. அதற்குள் தாள் என்று அந்த வீட்டில் எதுவும் மிச்சமிருக்கவில்லை. அவரும்.

நகராட்சி அலுவலகத்தில் அசல் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அதை நீங்கள் மேசை மேல் வைத்தபோதுதான் பார்த்தேன். என் கையெழுத்துதான். தெளிவாக இருக்கிறது.

உதவியே செய்யவில்லை என்று வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்துங்கள். வாசனை வந்ததும் நான் செய்த முதல் வேலை அவர் கதவைத் தட்டியது. மூன்று தடவை, நன்றாக, கையை மடக்கித் தட்டினேன். அவருக்குக் காது கேட்காது என்று உங்களுக்குத் தெரியாதா என்கிறீர்கள். பதினோரு வருடம் எதிர் வீடு, தெரியாமல் இருக்குமா. ஆனாலும் ஒரு பெண் தனியாக இருக்கிற வீடு. அவர்களாக வந்து திறக்காமல் உள்ளே நுழைகிற பழக்கம் எனக்குக் கிடையாது.