இசக்கியப்பனுக்குக் கொடுத்த திருநீறு

திருநீற்றை மெல்லிய துணியில் இரண்டு தடவை சலித்துத்தான் கொடுப்பேன். கட்டி இருந்தால் இசக்கியப்பனுக்குப் பிடிக்காது. நெற்றியில் பட்டையாக இட்டுக்கொண்டு, ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக்கொள்வான். எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுதான். அவன் அதைக் கபடிக் களத்தில், கேமராவுக்கு முன்னால் செய்தான்.

விசாரணைக்காக நீங்கள் பாவூர்சத்திரம் வரைக்கும் வந்துவிட்டீர்கள். ஒளிக்காமல் எழுதித் தருகிறேன் ஐயா.

பன்னிரண்டு வயதில் என்னிடம் வந்தான். மார்க்கெட்டுக்குப் பின்னால் மண் கொட்டிக் களம் போட்டு, மூச்சுப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். முழங்கால் விலகியபோது தென்காசி ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் அவன் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தேன். களத்தில் இறங்கும்போது கை நடுங்குகிறதே என்று திருநீறு இடப் பழக்கியதும் நான்தான்.

பெரிய லீக்கில் சேர்ந்ததும் டிவிக்காரர்கள் அவனை விடவில்லை. சீசனுக்கு முன் குற்றாலத்தில் குளித்து, ஈர வேட்டியோடு குற்றாலநாதரைக் கும்பிடப் போவான். அருவியைப் பார்க்க வந்த கூட்டத்தைவிடக் கேமராக் கூட்டம் அதிகம். அவன் பட்டை எத்தனை விரல் அகலம் என்று ஒரு சேனலில் அரைமணி நேரம் பேசினார்கள்.

போன வருஷம் ஒரு பேட்டியில், அவனை உருவாக்கியது யார் என்று கேட்டார்கள். மார்க்கெட் லோடுமேன்களையெல்லாம் நானே கூட்டிவந்து டீக்கடை டிவி முன்னால் உட்கார வைத்திருந்தேன்.

"எனக்கு குருன்னு மனுஷன் யாரும் கெடையாது. எல்லாம் குற்றாலநாதர் குடுத்தது," என்றான்.

"விடுங்க அண்ணாச்சி, சாமியத்தான சொல்லுதான்," என்றான் லோடுமேன் செந்தில்வேல்.

என்னை மறந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மனுஷன் யாரும் கிடையாது என்றானே, அதில்தான் வயிறு எரிந்தது.

இந்த சீசனுக்கும் திருநீறு கேட்டு போன் செய்தான். சீசன் முடியும்வரை விரதம்; டீம் கொடுக்கும் எதையும் தொட மாட்டான். "நானே பொங்குத சோறும், நீங்க குடுத்தனுப்புத துண்ணூறும் போதும் அண்ணாச்சி," என்றான்.

உடம்பு ஏற்றுகிறவர்கள் தின்னும் மாத்திரையைத் தென்காசியில் வாங்கினேன். விளையாட்டில் தடை செய்யப்பட்டது என்று தெரிந்துதான் வாங்கினேன். அம்மியில் பொடித்து, திருநீற்றோடு கலந்து, இரண்டு தடவை சலித்தேன். கட்டியே இல்லை.

சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டான். நாலு வருஷத் தடை. அவனுக்கு இருபத்தொன்பது வயது; இனி எந்த டீமும் எடுக்காது. பக்தி எல்லாம் வேஷம் என்று அதே சேனலில் இன்னொரு அரைமணி நேரம் பேசினார்கள். நான் அனுப்பிய திருநீற்றுப் பொட்டலத்தைச் சோதனைக்கு அனுப்பலாம் என்று வக்கீல் சொன்னபோது, "சாமி துண்ணூற சந்தேகப்படச் சொல்லுதீயளா?" என்று மறுத்துவிட்டான். மறுப்பான் என்று எனக்குத் தெரியும். வளர்த்தவனுக்குத் தெரியாதா?

போன வாரம் என் வீட்டுக்கு வந்தான். பின்னாலேயே கேமராக்காரர்கள். இப்போது உன்னோடு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இவுகதான். என்னய ஆளாக்குனதும் இவுகதான். அண்ணாச்சி இல்லன்னா நான் செத்திருப்பேன்."

கேமராக்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் நெற்றியில் திருநீறு இட்டேன். வாயைத் திறந்து ஒரு சிட்டிகை வாங்கிக்கொண்டான். அதில் ஒன்றும் கலக்கவில்லை.

என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள் ஐயா. அவனிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். பாவம், என்னை விட்டால் அவனுக்கு யாரும் இல்லை.