மிசிஸ் பெக் தந்த பித்தளைப் பானை

தேத்தண்ணிக்கு நன்றி. சீனி அளவாகத்தான் இருக்கிறது. விமலாதேவி அன்ரி, மொழிபெயர்க்க நீங்கள் வந்தது எனக்குப் பெரிய ஆறுதல். நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் இந்தப் பொலிஸ்காரரிடம் சொல்லுங்கோ.

ஸ்ட்ராத்ஃபீல்டில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே மிசிஸ் பெக் என்ற கொரியன் மனிசி இருக்கிறா. என் புருஷன் மகாதேவன் லிட்கம்மில் வேறொருத்தியோடு குடியேறிய மாதம், என்மேல் இரக்கப்பட்டு ஒரு பித்தளைப் பானையும் மூடிபோட்ட கிண்ணமும் தந்தா. கொரியன் ஆட்கள் அதில் சோறு வைப்பார்கள். நான் ரசம் வைத்தேன். அழுத அசதியில் இரவு முழுக்க அதை அப்படியே விட்டுவிட்டேன். ஈயம் பூசாத பித்தளையில் புளி நின்றால் களிம்பு ஏறி நஞ்சாகும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். சிட்னியில் ஈயம் பூச ஆரிருக்கினம்? அன்றைக்கு அது வெறும் மறதி.

அதைக் குடித்த யோகா எல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தாள். எட்டு வயது, எங்கள் ஒரே பிள்ளை. ஃபோன் பண்ணியதும் மகாதேவன் ஓடி வந்தார். அவளை மடியில் போட்டபடி கதிரையிலேயே தூங்கினார். நான் கெஞ்சிக் கூத்தாடியும் வராத மனிசன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிள்ளை சுகமானதும் போய்விட்டார். செத்துப்போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு குசினிக்குப் போய்ப் புளி கரைத்தேன்.

அந்தக் கிண்ணத்தில் கொஞ்சம்தான் கொடுப்பேன், அவர் வருகிற அளவுக்கு.

"அம்மா, எனக்கு வருத்தம் வந்து சத்தி எடுத்தா அப்பா வருவாரோ?" என்று யோகா ஒருநாள் கேட்டாள்.

"ஓம் குஞ்சு. குடி."

முகம் சுளிக்காமல் குடித்தாள். பிள்ளையும் விரும்பித்தான் குடித்தது அன்ரி, அதையும் சொல்லுங்கோ.

கிண்ணத்தின் உட்புறம் கறுத்திருந்ததை மிசிஸ் பெக் கண்டா. நல்ல பித்தளை நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. என்ன ஊற்றினாய் என்று கேட்டா. புளி என்றேன். பொய்யில்லையே. பாவம், தானே தேய்த்து மினுக்கித் தந்தா. பிறகு யோகா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அங்கே கிண்ணம் கறுத்ததைச் சொன்னதும் அவதானாம். எனக்குக் கோபமில்லை.

ஈரல் பழுதாகி யோகா போய்விட்டாள். செத்த வீட்டில் மகாதேவன் என் தோளில் சாய்ந்து அழுதார்.

ஓம், நான்தான் கொடுத்தேன். தெரிந்துதான் கொடுத்தேன். எழுதச் சொல்லுங்கோ.

மகாதேவன் இப்போது எங்கள் வீட்டில்தான் நிற்கிறார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை எங்கேயும் போகமாட்டார். நான் எத்தனை மணிக்குப் போகலாம் என்று கேளுங்கோ அன்ரி. காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை, சமைத்துக் கொடுக்க என்னை விட்டால் ஆளில்லை.