மழை வந்தால் போய்விடும் சாயம்

குழந்தைகளோடு சுவர்ச் சாயம் செய்வதற்குச் சோளமாவுதான் நல்லது. கோதுமை மாவு கட்டி தட்டும், எறும்பும் வரும். ஒரு கிண்ணம் மாவுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். நீலத்துக்கு வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப்பொடி, மஞ்சளுக்கு மஞ்சள்தூள், சிவப்புக்கு நாம் குடிக்கக் காய்ச்சும் கர்கதேப் பூ, கறுப்புக்கு ரொட்டி அடுப்புக் கரி. பிள்ளைகளைக் கையாலேயே கலக்க விட வேண்டும். அப்போதுதான் அவர்கள் மணிக்கணக்கில் சண்டை போடாமல் இருப்பார்கள்.

இந்த ஊரின் தலைவராக, உம்தாவாக, நீங்கள் முதலில் கேட்டது சாயத்தைப் பற்றி என்பதால் அதிலிருந்து தொடங்கினேன். நேற்று மதியம் தெரு முழுக்கத் தூங்கும் நேரத்தில், மித்வல்லி வீட்டுச் சுவரை நான் வாளியும் துடைப்பமுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது உண்மை. ஹஜ்ஜுக்குப் போய்வந்தவரின் சுவரில் இருக்கும் கஅபாவைத் தேய்த்தவளிடம் இனி யாரும் உப்புக்கூட வாங்கக் கூடாது என்று அவர் கேட்கிறார். எனக்கு அந்தக் கடையைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

மித்வல்லியின் கடை என் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. எங்களுக்குள் பகை எதுவும் இல்லை. அவருடைய தராசுத் தட்டின் அடியில் ஒரு காந்தம் ஒட்டியிருந்ததால் சனங்கள் என்னிடம் வந்தார்கள். ஹாஜ்ஜா ஃபிக்ரிய்யாவின் கடையில் எடை சரியாக இருக்கும் என்று நம்பினார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. என் கடையில் கூட்டம் இருக்கும்போதெல்லாம் எதிர்வாசலிலிருந்து மீசையை மேல்நோக்கி முறுக்கிக்கொண்டே கத்துவார்.

"ஹாஜ்ஜா, மக்காவுல ஸஃபாலேர்ந்து மர்வாவுக்கு எத்தனை நாழி நடந்தீங்க?"

"கூட்டத்துல கடிகாரம் யார் பாத்தா?" என்பேன்.

"இல்ல, செருப்பு தேஞ்சுதான்னு கேட்டேன். உங்க செருப்பு அப்படியே புதுசா இருக்கே."

ஹஜ் செய்யாத ஒருவர் ஒரு ஹாஜ்ஜாவிடம் பேசும் பேச்சா இது என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை.

இந்த வருடம் ஹஜ் மாதத்தில் அவர் கடையைப் பூட்டிவிட்டு மனைவியோடு கெய்ரோவுக்குப் போனார். எதற்கு என்று தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. அவர் மனைவி நஜாத் மட்டும் என்னிடம் சொன்னாள். "மூலத்துக்கு ஆபரேஷன். வெளிய தெரிஞ்சா மனுஷன் உயிரையே விட்டுடுவாரு ஹாஜ்ஜா." அந்த ரகசியத்தை நான் இன்றுவரை காப்பாற்றினேன். இப்போது நீங்கள் கேட்பதால் சொல்கிறேன்.

அவர் போன பிறகுதான் தெருப் பிள்ளைகள் விடுமுறையில் தலைவலி கொடுக்கத் தொடங்கினார்கள். என் தம்பி மகள் ஹனீன் ஃபோனில் இந்தச் சாயம் செய்யும் முறையைக் காட்டினாள். மழை பெய்தால் தானாகக் கழுவிப் போய்விடும், சுவருக்குக் கெடுதல் இல்லை என்று அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. எங்கள் தெருவில் புதிதாக வெள்ளையடித்த சுவர் மித்வல்லியுடையது ஒன்றுதான்.

"என்ன வரையறது அத்தே?" என்று ஹனீன் கேட்டாள்.

"மத்த சுவத்துலல்லாம் என்ன இருக்கோ, அதையே வரை."

எங்கள் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்த்த சுவர்களில் ஹஜ் போய்வந்ததற்கு அடையாளமாக வரையும் கப்பலும் விமானமும் ஒட்டகமும் கஅபாவும்தான் இருக்கின்றன என்பதை நான் அந்த நேரத்தில் பெரிதாக யோசிக்கவில்லை.

"எனக்கு ஏரோப்பிளேன் வராது. மீன் மாதிரிதான் வரும்."

"மீனுக்கு ஜன்னல் போட்டுடு. யாரும் கேக்க மாட்டாங்க."

"கரியை யாரும் தொடாதீங்கடா, அது கஅபாவுக்கு," என்று மற்றவர்களை அதட்டினாள் அவள். பிறகு ஹஜ்ஜுக்கான வெள்ளைத் துணி, இஹ்ராம், கட்டிய ஒரு மனிதரை வரைந்தாள். மீசை மட்டும் நான் சொல்லி வைத்தது. இரண்டு பக்கமும் மேல்நோக்கி முறுக்கிய மீசை. அது இல்லாவிட்டால் முகம் வெறுமையாக இருந்திருக்கும்.

மித்வல்லி வந்து இறங்கியபோது தெருவே கூடி நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். கசாப்புக்கடை ஸாபிர் ஓடிவந்து அவர் தலையில் முத்தமிட்டார்.

"சொல்லாம கொள்ளாம போயிட்டு வந்துட்டீரேய்யா ஹாஜி. பெருமையடிக்கக் கூடாதுன்னுதானே? இதுதான்யா உண்மையான பக்தி."

மித்வல்லி சுவரைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். அவர் கக்கத்தில் நடுவே ஓட்டை வைத்த வட்டத் தலையணை இருந்தது. நான் ஹஜ்ஜுக்குப் போகவில்லை என்று சொல்ல ஒரு மனிதருக்கு அந்த இடத்தில் ஒரு மூச்சு அளவு நேரம்தான் கிடைக்கும். சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே எங்கே போனாய் என்பது. அந்த மூச்சு போய்விட்டால் போனதுதான். வாழ்க்கை முழுவதும் அது திரும்பி வராது. அவருக்கும் போய்விட்டது.

"அந்தத் தலையணை?" என்று யாரோ கேட்டார்கள்.

"அரஃபாத் மைதானத்துல உக்காந்ததா இருக்கும்," என்று ஸாபிர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மித்வல்லி கால்களை அகட்டி மிக மெதுவாக வீட்டுக்குள் நடந்தார். பாவமெல்லாம் கழன்ற மனிதனின் நடை என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் அவர் என் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீதானே?"

"பிள்ளைங்க விளையாட்டு. மழை வந்தா போயிடும்."

"எங்க மழை, ஃபிக்ரிய்யா?" என்றார். "இந்த ஊர்ல எங்க மழை?"

கேட்டுவிட்டு வானத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு ஸஃபாவைப் பற்றியோ என் செருப்பைப் பற்றியோ அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அத்தோடு விஷயம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் அவர் அளவு தெரியாத மனிதர். ஹாஜி என்று கூப்பிடக் கூப்பிட அவர் நல்லவராகிக்கொண்டே போனார். காந்தம் காணாமல் போனது. பிள்ளைகளுக்குக் கேட்காமலே மிட்டாய் கொடுத்தார். பருப்பு நிறுத்தால் தட்டு தாழ்ந்த பிறகும் ஒரு பிடி போட்டார். மூன்று வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைத்தார். என் கடை வாசலில் பூனை படுத்துத் தூங்கியது. என் சொந்தத் தம்பி மகளே அங்கே போய் எண்ணெய் வாங்கினாள்.

"ஏண்டி, நம்ம கடை என்ன ஆச்சு?"

"அவர் ஹாஜி, அத்தே."

"நானும்தான் ஹாஜ்ஜா."

"நீங்க பழைய ஹாஜ்ஜா," என்றாள்.

ஹஜ் செய்யாத ஒருவர் ஒரு தெருவையே ஏமாற்றுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எனக்கு உண்மைதான் முக்கியம். அதனால்தான் வாளியை எடுத்தேன். முதலில் தண்ணீர், பிறகு சோப்பு, பிறகு வினிகர். விமானத்தின் வால் மட்டும் உரிந்து வந்தது. அப்போதுதான் ஸாபிர் ஜன்னலைத் திறந்தார்.

வெறும் சோளமாவும் தண்ணீரும் ஏன் கழுவியும் போகவில்லை என்று கேட்கிறீர்கள். நீங்கள் கூர்மையானவர். செய்முறையில் ஒரு பொருளை நான் சொல்லாமல் விட்டிருந்தேன். தச்சர்கள் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை, ஒரு கிண்ணத்துக்கு நான்கு கரண்டி. பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போனபோது கலந்தேன். என் கடைப் பசைதான். நான் மட்டமான சரக்கு விற்பதில்லை.

பசை சேர்த்தால் இத்தனை காலம் நிற்கும் என்று முன்பே எப்படித் தெரியும் என்றும் கேட்கிறீர்கள். என் வீட்டுச் சுவரைத்தான் நீங்களே பலமுறை புகழ்ந்திருக்கிறீர்களே, வருடம் ஆக ஆக ஹாஜ்ஜாவின் கப்பல் மட்டும் மங்கவில்லை என்று.

நான் ஹாஜ்ஜா ஆன அந்த வருடம் ஸூயெஸில் என் தங்கை வீட்டில் இருந்தேன். பல் செட் கட்டிக்கொள்ளப் போயிருந்தேன். அதை ஊரில் சொல்ல வெட்கம். ஹஜ் மாதமாக இருந்ததால் என் அண்ணன் பிள்ளைகள் தாங்களாகவே நினைத்துக்கொண்டு சாக்கட்டியால் கப்பல் வரைந்து வைத்திருந்தார்கள். நான் வந்து இறங்கினேன். குலவை கேட்டது. எனக்கும் ஒரு மூச்சு அளவு நேரம் கிடைத்தது. நான் சிரித்தேன். முகத்தில் என்ன ஒரு ஒளி என்றார்கள். அது பல்.

சாக்கட்டி காற்றிலேயே உதிர்ந்துவிடும். மறுவாரம் பசையை நான்தான் பூசினேன்.

ஆனால் என்னையும் மித்வல்லியையும் ஒரே தராசில் வைக்காதீர்கள், உம்தா. அவர் கொல்லைக் குழாய்த் தண்ணீரைச் சின்னச் சின்னப் புட்டிகளில் பிடித்து மக்காவின் ஸம்ஸம் தீர்த்தம் என்று வீடு வீடாகக் கொடுத்தார். நான் அப்படியெல்லாம் ஏமாற்றவில்லை. மதீனாப் பேரீச்சம்பழம் மட்டும்தான் கொடுத்தேன். ஸூயெஸ் சந்தையில் பொறுக்கி எடுத்தது, நல்ல பழம்.